தலைச்சுத்தும் தள்ளாட்டமும்: காரணம் தேடுவோம்

(செட்டிகுளத்தில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்களுக்கு நாங்கள் ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம். தோட்டங்களில் வாழும் உறவுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இங்கே இருக்கிறவர்களில் பலருக்குத் தாய்வீடு மலைநாடு. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள் உங்கள் அப்பா அம்மா. உங்கள் மாமன் மச்சான் இன்னும் அங்கே லயத்தில் இருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு நாங்கள் பேசுவது வயலில் நிற்கிறவர்களுக்கும் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் பொதுவானது.

எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு. "தலை சுத்துதுங்க ஐயா." அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். "நடக்கும்போது தள்ளுதுங்க." டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு மாத்திரை தருவார்கள். இரண்டு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் வரும். அக்கம்பக்கத்தில் ஒருவர் "இது பித்தம்" என்பார். இன்னொருவர் "பிரஷரா இருக்கும்" என்பார். மூன்றாமவர் "சந்தியில கண் பட்டிருக்கும், நூல் கட்டுங்க" என்பார்.

தலைச்சுத்து என்பது வியாதியின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம். வீட்டில் புகை வந்தால் அடுப்பில் ஈரவிறகாக இருக்கலாம், கூரை தீப்பிடித்ததாகவும் இருக்கலாம். புகையை மட்டும் விசிறிக்கொண்டு இருந்தால் போதாது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தலைச்சுத்தும் அப்படித்தான்.

நாம் விழாமல் நிற்பது எப்படி?

மனிதன் இரண்டு காலில் விழாமல் நிற்பது சின்னக் காரியம் இல்லை. அதற்கு மூன்று உதவியாளர்கள் வேண்டும். ஒன்று கண். இரண்டாவது காதின் உள்பகுதி. மூன்றாவது பாதத்தின் உணர்ச்சி. கால் கல்லில் இருக்கிறதா, சேற்றில் இருக்கிறதா, சரிவில் இருக்கிறதா என்று பாதம் செய்தி அனுப்பும். இந்த மூன்று செய்தியையும் வாங்கிக் கணக்குப் பார்ப்பது தலையின் பின்பக்கத்தில் இருக்கும் சிறுமூளை. இந்த வேலை எல்லாம் ஒழுங்காக நடக்க, மூளைக்கு இரத்தமும் சீனியும் தண்ணீரும் சரியாகப் போக வேண்டும்.

கூடை நிறையக் கொழுந்தோடு மழையில் சரிவில் இறங்கும் அம்மாவைப் பாருங்கள். இந்த உதவியாளர்கள் எல்லோரும் ஒன்றாக வேலை செய்வதால்தான் அவர் விழாமல் வருகிறார். இதில் ஒருவர் வேலை நிறுத்தம் செய்தால் தலைச்சுத்து அல்லது தள்ளாட்டம் வரும். யார் வேலை நிறுத்தம் செய்தார் என்று கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் வேலை. அதற்கு நாம் சரியான விபரம் சொல்ல வேண்டும்.

வீடே சுற்றினால் காதைப் பாருங்கள்

சிலருக்குப் படுக்கையில் புரண்டு படுத்தவுடன் கூரை சுற்றும். மேலே உள்ள சாமானை எடுக்க அண்ணாந்து பார்த்தால் சுற்றும். ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். வாந்தி வருவது போல் இருக்கும். இது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. உள்காதில் வளைந்த குழாய் மூன்று இருக்கின்றன. அதற்குள் தண்ணீர் மாதிரித் திரவம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி இந்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உலகம் சுற்றுவதாக மூளைக்குப் பொய்ச்செய்தி போகும். இதற்கு மாத்திரையைவிட, டாக்டர் தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவதுதான் நல்ல வைத்தியம். சில நிமிஷ வேலைதான். தெரியாதவர்கள் கழுத்தைத் திருகக் கூடாது.

தடிமன் காய்ச்சல் வந்து போன பிறகு, நாள் கணக்கில் விடாமல் சுற்றுவதும் உண்டு. அது உள்காது நரம்பின் வீக்கம். மணிக்கணக்கில் சுற்றி, ஒரு காது அடைத்து, "ங்" என்று இரைந்தால் அது வேறு வகை. குண்டுச் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் இந்த மண்ணில் பலர் இருக்கிறார்கள். சத்த அதிர்ச்சி கேட்கும் சக்தியை மட்டும் அல்ல, உள்காதின் சமநிலை உறுப்பையும் பாதிக்கலாம். போர்க்காலத்தில் காது அடைத்து, இன்றைக்கும் தள்ளாட்டம் இருக்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காதிலிருந்து சீழ் வடிகிற பிள்ளைக்குத் தலைச்சுத்தும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சீழ் உள்ளே அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். காய்ச்சிய எண்ணெய், வெங்காயச் சாறு எதையும் காதில் ஊற்றாதீர்கள்.

எழும்பினால் கண் இருட்டினால் இரத்தத்தைப் பாருங்கள்

இது வேறு மாதிரி. உலகம் சுற்றாது. குனிந்து நிமிர்ந்தால், பாயிலிருந்து எழும்பினால், கண் இருட்டிக்கொண்டு வரும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைவு என்று அர்த்தம்.

பெண்களில் இதற்கு முக்கியக் காரணம் இரத்தச்சோகை. மாதவிலக்கில் அதிகம் போகிறது, பிள்ளைப்பேறு அடுத்தடுத்து வருகிறது, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மாவுக்கு மிச்சம் கிடைக்கிறது. இதோடு கொக்கிப்புழுவும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். செருப்பில்லாத காலின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டங்களைத்தான் முதலில் தேடிப் போனது. நூறு வருஷம் கடந்துவிட்டது. ஆனாலும் காலில் செருப்பு, மலசலகூடப் பாவனை, பூச்சிமருந்து என்ற மூன்றும் இன்றைக்கும் தேவைதான்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறோம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. நாம் பறித்துக் கொடுக்கும் தேயிலை நமக்கே இந்த வேலையைச் செய்யும். மாத்திரையைப் பச்சைத் தண்ணியோடோ தேசிக்காய்த் தண்ணியோடோ குடியுங்கள். தேத்தண்ணிக்கு முன்பின் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு பிளேன்டி குடிக்கும் பழக்கமும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.

அடுத்தது தண்ணி. செட்டிகுளத்து வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெட்டவெளியில் காலையிலிருந்து நின்று வியர்வை கொட்டினால் உடம்பில் நீர் வற்றும், பிரஷர் இறங்கும், கண் இருட்டும். மலையில் குளிர், தாகம் தெரியாது. கொழுந்து எடுக்கப் போன இடத்தில் மறைவிடம் இல்லை என்று பெண்கள் தண்ணியே குடிக்காமல் இருப்பதும் உண்டு. அது அவர்கள் குற்றம் இல்லை. மலசலகூட வசதி கேட்பது வெட்கமான காரியம் இல்லை, அது சுகாதார உரிமை.

பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து திடீரென்று எழும்பக் கூடாது. முதலில் உட்காருங்கள். காலை ஆட்டுங்கள். பிறகு எழும்புங்கள். "மாத்திரை எடுத்தால் தலை சுத்துது" என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். தலைச்சுத்து இல்லாததால் பிரஷர் இல்லை என்றும் நினைக்காதீர்கள். பிரஷர் பெரும்பாலும் சத்தம் போடாத வியாதி. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சீனி வியாதிக்கு மாத்திரை அல்லது ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், தலை கிறுகிறுக்கும். சீனி இறங்கிவிட்டது. உடனே சீனி கரைத்த தண்ணி குடுக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

கால் சொன்னபடி கேட்காவிட்டால் நரம்பைப் பாருங்கள்

மூன்றாவது வகைக்குத் தலை சுத்தவே சுத்தாது. ஆனால் நடை தள்ளாடும். இதையும் நம் ஆட்கள் "தலைச்சுத்து" என்றே சொல்லிவிடுவதால், டாக்டருக்கு வழி தவறிப் போகிறது.

வீட்டிலேயே ஒரு குறிப்பைக் கவனிக்கலாம். பீலித் தண்ணியிலோ கிணற்றடியிலோ முகம் கழுவக் கண்ணை மூடியவுடன் உடம்பு சரிந்து விழப் பார்க்கிறதா? இருட்டில் நடக்க முடியவில்லையா? செருப்பு கழன்று போனது தெரியவில்லையா? அப்படியானால் பாதத்திலிருந்து செய்தி வரவில்லை. கண் ஒன்றுதான் இதுவரை தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு முதற்காரணம் வருஷக்கணக்கான சீனி வியாதி. அடுத்தது பி12 என்னும் விட்டமின் குறைவு. மீன், முட்டை, பால், இறைச்சி எதுவும் சேர்க்காதவர்களுக்கும், சீனிக்கான மெட்போமின் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் இது வரலாம். ஊசியோ மாத்திரையோ கொடுத்து இதைச் சரிப்படுத்தலாம், ஆனால் காலம் தாழ்த்தினால் முழுதாகத் திரும்பாது. மூன்றாவது சாராயமும் கசிப்பும். குடித்திருக்கும் நேரத்துத் தள்ளாட்டத்தைச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் குடித்தால் சிறுமூளையே சுருங்கும், விட்டமின் சத்துக் குறைந்து நரம்பு கெடும், குடிக்காத நாளிலும் காலை அகட்டி வைத்து நடக்க வேண்டி வரும். நான்காவது, வலிப்புக்கு எடுக்கும் சில மாத்திரைகள். அளவு கூடிவிட்டால் நடை தள்ளாடும், கண் ஆடும். அப்போதும் மாத்திரையை நிறுத்தாமல், உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது காரணம் நஞ்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் அது நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு நடந்த கதை.

1977, 78இல் மலைநாட்டில் நடந்தது

1977, 1978 ஆகிய வருஷங்களில் இலங்கையின் மலைநாட்டில் ஒரு புதுமையான வியாதி தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் காலில் பலம் குறைந்தது. கெண்டைக்காலில் வலி, பிறகு பாதம் தொங்கிப்போய்த் தரையில் இழுபடுதல், பிறகு கையிலும் பலவீனம். அவர்கள் எல்லோரும் வயதுக்கு வரும் பருவத்துப் பிள்ளைகள். ஓடித்திரிந்த பிள்ளை திடீரென்று நடக்க முடியாமல் போனால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் நிமால் சேனாநாயக்கவும் டாக்டர் ஜெயரத்தினமும் இதை ஆராய்ந்தார்கள். ஏன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்? ஏன் இந்த வயதில் மட்டும்? ஏன் தமிழ்க் குடும்பங்களில்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் நம் வீட்டுச் சமையலறையில் இருந்தது. பிள்ளை பெரிய மனுஷி ஆனால் நாம் என்ன கொடுப்போம்? பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். இடுப்பு எலும்பு பலப்படும் என்று பாட்டிமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த நல்லெண்ணெயில்தான் நஞ்சு கலந்திருந்தது. ட்ரைகிரசைல் பொஸ்பேட் என்று அதற்குப் பெயர். இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக் தொழிலிலும் பயன்படுவது. இயந்திர எண்ணெய் வகைகளை வைத்திருந்த பீப்பாய்களில் பிறகு நல்லெண்ணெயை ஏற்றிவந்ததால் இது கலந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். 1981இல் 'லான்செட்' என்ற பிரித்தானிய மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் மூன்று.

முதலாவது, நல்லெண்ணெய் குற்றவாளி இல்லை. நம் வழக்கமும் குற்றவாளி இல்லை. எள்ளு விளையும் இந்த வன்னி மண்ணில் நல்லெண்ணெயின் அருமையை நாங்கள் வந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் பாத்திரத்தில்.

இரண்டாவது, இந்த நஞ்சு உள்ளே போன அன்றைக்கே ஆளை விழுத்தாது. பத்து நாள், இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் கால் போகும். சடங்கு முடிந்து, எண்ணெய்ப் போத்தல் காலியான பிறகு வியாதி வரும். ஆகவே யாருக்கும் எண்ணெயில் சந்தேகம் வராது. "நேற்று என்ன சாப்பிட்டாய்" என்று மட்டும் கேட்டால் போதாது, "போன மாதம் என்ன சாப்பிட்டாய்" என்றும் கேட்க வேண்டும். உடம்பில் நீளமான நரம்புதான் இந்த நஞ்சுக்கு முதலில் பலியாகும். இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் நரம்பு நீளமானது என்பதால் பாதம் முதலில் விழுகிறது. கால் நரம்பு மெதுவாக வளர்ந்து தேறலாம். முதுகுத்தண்டுக்குள் ஏற்பட்ட சேதமோ பின்னாளில் காலை விறைக்க வைக்கும்.

மூன்றாவது, இது நம் ஊரில் மட்டும் நடந்தது இல்லை. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்று விற்ற மதுவில் இதே நஞ்சைக் கலந்ததால் பல்லாயிரம் பேர் கால் இழுபட்டு நடந்தார்கள். 1959இல் மொரோக்கோ நாட்டில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்று ஏறக்குறைய பத்தாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988இல் கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் கலப்பட எண்ணெயால் நூற்றுக்கணக்கானோருக்கு இதே கதி. எல்லா இடத்திலும் ஏமாந்தது ஏழைகள்தான். மலிவாகக் கிடைத்ததை வாங்கியவர்கள்தான்.

ஆகவே எண்ணெயை முத்திரை உடையாத போத்தலில், கடையின் பெயர் தெரிந்து வாங்குங்கள். செக்கில் ஆட்டி வாங்கினால் ஆட்டுகிறவரின் பாத்திரத்தைப் பாருங்கள். வாங்கும் இடத்தை ஞாபகம் வையுங்கள். ஒரே லயத்தில், ஒரே ஊரில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரிக் கால் பலவீனம் வந்தால் அதை இரகசியமாக வைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் எண்ணெயைக் கொட்டாமல் அவரிடம் கொடுங்கள். பரிசோதனைக்கு அதுதான் ஆதாரம்.

மருந்துக் கேனும் தண்ணிக் கேனும்

அந்தப் பீப்பாய்க் கதை பழைய கதை என்று நினைக்காதீர்கள். மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணி பிடிப்பது, மண்ணெண்ணெய் இருந்த போத்தலில் தேங்காயெண்ணெய் வாங்குவது, உரப் பையில் அரிசி கட்டுவது, இவை வயற்கரையிலும் லயத்திலும் இன்றும் நடக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முழுதாகப் போகாது. காலியான மருந்துக் கேனை ஓட்டை போட்டு, பாவிக்க முடியாதபடி ஆக்குங்கள். சாப்பாட்டுச் சாமான் பக்கம் கொண்டு வராதீர்கள்.

பூச்சிமருந்துகளில் ஓகனோ பொஸ்பரஸ் என்று ஒரு குடும்பம் உண்டு. மேலே சொன்ன நஞ்சுக்கு அது சொந்தக்கார இனம். அடிக்கும்போது கண் கலங்கி, எச்சில் ஊறி, வியர்த்து, தலை சுத்தினால் வேலையை நிறுத்தி, உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்து, வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்தின் பெயர் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

இந்த வகை நஞ்சைக் குடித்தோ, வேறு விதமாக அதிகமாக உடம்பில் சேர்ந்தோ வைத்தியசாலையில் இருப்பவர், "இப்போ நல்லா இருக்கு" என்று ஓரிரு நாளில் துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் பலமிழக்கும் ஆபத்து உண்டு. இதை 1987இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் நம் இலங்கை டாக்டர்கள்தான். அதே நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். இதற்குப் பிறகும் இரண்டு மூன்று கிழமையில் சிலருக்குக் கால் நரம்பு பாதிக்கப்படலாம். ஆகவே டாக்டர் போகச் சொல்லும் வரை இருங்கள், மறுபடி வரச் சொன்ன நாளில் போங்கள்.

ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதது

இதுவரை சொன்னதில் பலதுக்கு நாளைக்குக் கிளினிக்குக்குப் போகலாம். இப்போது சொல்வதற்கு இன்றைக்கே, இப்போதே போக வேண்டும்.

திடீரென்று தலை சுத்தி, அதோடு
வாய் ஒரு பக்கம் கோணினால்,
ஒரு கை அல்லது கால் விழுந்தால்,
பேச்சுக் குழறினால்,
ஒன்று இரண்டாகத் தெரிந்தால்,
இதுவரை வராத கடும் தலையிடி வந்தால்,
பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால்,
நெஞ்சு வலியோடு மயக்கம் வந்தால்,
தலையில் அடிபட்ட பிறகு தள்ளாட்டம் வந்தால்,

அது மூளையின் அல்லது இருதயத்தின் காரியம். பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக்குழாயில் அடைப்பு என்றால், அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், போடுவதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மணிக்கூட்டைப் பார்த்து வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தில் லொறிக்கும் துரையின் அனுமதிக்கும் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அந்த நாலு எண்ணைச் சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நூல் கட்டுவதையோ கோயிலுக்கு நேர்வதையோ நாங்கள் தடுக்கவில்லை. சாமி எங்கேயும் போகாது, நாளைக்கும் இருக்கும். நாலரை மணி நேரம் திரும்பி வராது. முதலில் வைத்தியசாலை, பிறகு கோயில்.

"குடிச்சிருக்கான்" என்று சொல்லாதீர்கள்

தள்ளாடி நடக்கிற ஆளைப் பார்த்தவுடன் நாம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். சொட்டுக் குடிக்காத மனுஷன், சிறுமூளை வியாதியாலோ நரம்பு வியாதியாலோ தள்ளாடுகிறவன், இந்தப் பேச்சுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிவிடுகிறான். பெரட்டில் பேர் வெட்டுப்படுகிறது. பொம்பளைப் பிள்ளை என்றால் "பேய் பிடிச்சிருக்கு" என்கிறோம், கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று மறைக்கிறோம். 1977இல் கால் இழுபட்ட அந்தப் பிள்ளைகளைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லியிருப்பார்களோ! காரணம் ஒரு பீப்பாய். மறைத்த வியாதி வளரும். சொன்ன வியாதிக்குத்தான் வைத்தியம்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கிளினிக்கில் ஆள் கூட்டம். டாக்டருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிஷம் இருந்தால் பெரிது. சில இடத்தில் பாஷையும் இடிக்கும். ஆகவே வீட்டிலேயே யோசித்து, படிக்கிற பிள்ளையிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒன்று, சுத்துவது உலகமா, இருட்டுவது கண்ணா, தள்ளாடுவது காலா?
இரண்டு, எப்போது தொடங்கியது, ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது?
மூன்று, படுக்கையில் புரண்டாலா, எழும்பினாலா, நடந்தாலா வருகிறது?
நான்கு, காது இரைச்சல், சீழ், கால் விறைப்பு, தலையிடி கூட இருக்கிறதா?
ஐந்து, என்னென்ன மாத்திரை? பெயர் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டுமருந்தும் சேர்த்து.
ஆறு, கடந்த இரண்டு மாதத்தில் மருந்து அடித்தீர்களா, புது எண்ணெய் வாங்கினீர்களா, குடிப்பழக்கம் உண்டா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் தீர்ப்புச் சொல்ல இருப்பவர் இல்லை.

செட்டிகுளம் வைத்தியசாலையிலும் தோட்டங்களுக்குப் பக்கத்து அரச வைத்தியசாலைகளிலும் பிரஷர், சீனி, இரத்தம் பார்க்கலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வருத்தம் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். நரம்பு டாக்டரிடம் போக வேண்டுமானால் அவர்களே கடிதம் தருவார்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல், குறித்த நாளில் போங்கள்.

வைத்தியம் நடக்கும் காலத்தில் விழாமல் பார்ப்பது வீட்டாரின் கடமை. தள்ளாட்டம் உள்ளவரின் படுக்கைக்குப் பக்கத்தில் டோர்ச் வையுங்கள். லயத்துப் படியில் ஒரு கம்பைக் கைப்பிடியாக நட்டுவிடுங்கள். கிணற்றடியில், பீலியடியில் பாசியைச் சுரண்டுங்கள். அவரை மரமேற, கவ்வாத்து வெட்ட, மருந்து அடிக்க, அடுப்புக்குத் தனியே போக விடாதீர்கள். கைத்தடி பிடிப்பது அவமானம் இல்லை. இடுப்பு முறிந்து கிடப்பதைவிடக் கைத்தடி நல்லது.

பெரியோர்களே, நாங்கள் டாக்டர் வேலை பார்க்க வரவில்லை. டாக்டரிடம் போகும் வழியைக் காட்டத்தான் வந்தோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறையில் எண்ணெய் எதில் இருக்கிறது, தண்ணி எதில் இருக்கிறது, அந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். தெரியாவிட்டால் அதை ஒதுக்கி வையுங்கள். மலைநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தங்களுக்கும் போனில் இதைச் சொல்லுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் முன்னுக்கு வந்து கேளுங்கள்.